மீன் பார்க்கும் சேவல் இறகு

முருகனுக்கு மயில் வாகனம், சேவல் கொடி. திருத்தணி மலைப்படி ஏறுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு பறவைகளின் இறகுகளும் இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டில்காரர்களின் மேசையில் வெகுகாலமாக இருந்து வருகின்றன என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். அவர்கள் முள்ளில் மண்புழு கோப்பதில்லை. நூலும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுகிறார்கள். மூழ்காமல் மிதக்கிற பூச்சிக்கு ‘டிரை ஃப்ளை’ என்று பெயர்.

கே.ஜி.கண்டிகை வட்டாரத்து ஏரிகளில் ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போடுகிறவருக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். தங்கூசியும் தக்கையும் புழுவும் இருந்தால் அவருக்குப் போதும். டிரௌட் மீனின் கதை வேறு. குளிர்ந்த ஓடைகளில் வாழும் அது, நீர்மேல் விழும் பூச்சிகளை எழும்பி வந்து பிடித்துத் தின்னும். அதைப் பிடிக்கும் ஆசையில்தான் வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் டிரௌட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்காக 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

பூச்சி கட்டுவதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். முள்ளைச் சிறு வைஸில் இறுக்கி, மெழுகு தடவிய நூலை அதன் தண்டில் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். வாலுக்கு நாலைந்து இறகிழை. உடம்புக்கு மயில்தோகையின் ஓர் இழையைச் சுற்றினால் பச்சையும் வெண்கலமுமாக மினுங்கும். கடைசியில் சேவலின் கழுத்திறகு ஒன்றின் அடியை நூலால் கட்டி, நுனியைக் கவ்வியால் பிடித்து முள்ளைச் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகள் குடைக்கம்பிகளைப் போல நாலாபுறமும் விரிந்து நிமிர்கின்றன. இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருப்பது வழக்கமான கணக்கு.

பெட்டை இறகு இதற்கு ஆகாது. அதன் இழைகளிலிருந்து கிளைக்கும் நுண்ணிழைகள் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக் கொண்டு தண்ணீரைத் தேக்கிவைக்கும். சேவலின் கழுத்திறகில் ஓரத்து இழைகளுக்கு நுண்ணிழை இல்லை. அதனால்தான் அந்தப் பளபளப்பும் விறைப்பும். அந்த இழைநுனிகள் நீர்ப்பரப்பைக் கிழிக்காமல் அழுத்தி நிற்கின்றன. பரப்பு இழுவிசை, ஒரு சென்டிமீட்டர் நீள விளிம்புக்குச் சுமார் 70 மில்லிகிராம் வரை தாங்கும். சின்னஞ்சிறு இரும்பு முள் மிதக்க அது தாராளம். ஏரியில் கால் நனையாமல் சறுக்கி ஓடும் பூச்சியும் இதே விசையை நம்பித்தான் நிற்கிறது.

எனக்கு அதைவிட வியப்பு, இதை மீன் எப்படிப் பார்க்கிறது என்பதுதான். நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணிலிருந்து விரியும் அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 பாகை. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வட்டத்தின் குறுக்களவு இரண்டேகால் மீட்டர் இருக்கும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் வெறும் கண்ணாடி. ஓடையின் தரையே அதில் தெரியும். மிதந்து வரும் பூச்சி வட்டத்தைத் தொடும்வரை மீனுக்கு உடம்பும் தெரியாது, நிறமும் தெரியாது. இழைநுனிகள் அழுத்திய குழிகள் மட்டும் அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக வரும். ஆக, சேவல் இறகு பூச்சியை மிதக்கவும் வைக்கிறது, வருகையை முன்கூட்டி அறிவிக்கவும் செய்கிறது.

பென்சில்வேனியாவின் லெட்டார்ட் ஓடையில் வின்சென்ட் மரினாரோ என்ற தூண்டில்காரர், மீனின் கண்ணால் பார்க்கும் இந்த யோசனையை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். அங்கே டிரௌட் மீன்கள் கண்ணுக்கே தட்டுப்படாத எதையோ தின்றுகொண்டிருந்தன. கூர்ந்து பார்த்தால், தத்துப்பூச்சிகள்! நம் வெண்டைச் செடியில் சாற்றை உறிஞ்சி இலையோரத்தை மஞ்சளாக்குகிறதே, அந்தப் பூச்சியின் சொந்தம். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்குப் பூச்சியின் கனம் தெரியப் போவதில்லை. ஒளி புகாத நீள்வட்ட வடிவம் ஒன்று இருந்தால் போதும் என்று அவர் முடிவுகட்டினார். ‘ஜாசிட்’ என்று அவர் பெயரிட்ட பூச்சியின் முதுகில் தட்டையாகக் கட்டிய இறகு, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுச்சேவலுடையது. 1950-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இதை விளக்குகிறது.

இந்தக் காட்டுக்கோழி இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. சேவலின் கழுத்திறகு நுனியில் தண்டு தட்டையாக விரிந்து, மெழுகு சொட்டியதுபோல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும். இழைகளே இல்லாத அந்தத் தகட்டில் நீர் ஊறாது. சால்மன் மீனுக்கான பூச்சிகளில் அதைக் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அந்தக் கிராக்கி பறவைக்கு எமனாயிற்று.

1902-இல் பறவை இறகு ஏற்றுமதியை அன்றைய அரசு தடைசெய்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இந்தச் சேவலைக் காக்கிறது. வெளிநாட்டில் இந்தச் சேவலைப் பண்ணையில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள். நம் ஊரில் யாராவது பூச்சி கட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், வீட்டுச் சேவல் உதிர்த்த கழுத்திறகே போதும். காட்டுச்சேவல் இறகு விலைக்கு வந்தால் வாங்காதீர்கள்.