உறக்கம் தராத ஒவ்வாமை மருந்துகள்

கொச்சியின் வாணிபம் நெடுங்காலம் மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளைச் சார்ந்து நடைபெற்று வந்தது. 1984இல் காக்கநாட்டில் ஏற்றுமதி உற்பத்தி மண்டலம் தொடங்கப்பட்டது. 2004இல் அங்கேயே இன்ஃபோபார்க் எழுந்தது. மூட்டை சுமப்பவர், இயந்திரத்தின் முன் நிற்பவர், கணிப்பொறி இயக்குபவர் எனத் தொழில்கள் பல்கிப் பெருகியபோதிலும், இவர்களில் பலருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. அது தும்மலும் மூக்கொழுகலும் தோல் அரிப்பும் ஆகும். ஈரம் மிகுந்த கடலோரக் காற்றில் பூஞ்சைகளும், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத உண்ணிகளும் செழித்து வளர்வது இதற்கு முக்கியக் காரணமாகும்.

இத்தொல்லைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பழைய மாத்திரையின் விலை மிகக் குறைவு. ஆனால், அதை விழுங்கியவர் அன்றைய வேலையில் இழக்கும் கவனம் எந்த விலைச்சீட்டிலும் இடம்பெறுவதில்லை. பொருளாதாரம் பயின்றவர்கள் இத்தகைய மறைமுகச் செலவையும் கணக்கில் சேர்ப்பது வழக்கம்.

ஒவ்வாமை எவ்வாறு தோன்றுகிறது? தீங்கற்ற ஒரு பொருளைப் பகையெனக் கருதும் உடல், அதற்கெதிராக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்புரதத்தை உண்டாக்குகிறது. இப்புரதம் மூக்கிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அதே பொருள் மீண்டும் வந்து சேர்ந்தவுடன் அச்செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் அருகிலுள்ள நரம்புகளிலும் இரத்த நாளங்களிலும் அமைந்த ஏற்பிகளைத் தூண்ட, அரிப்பு, வீக்கம், நீர்க்கசிவு ஆகியவை தோன்றுகின்றன. மருந்து ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஏற்பியில் அமர்ந்து அதனை இயங்காத நிலையில் நிறுத்தி வைக்கிறது. ஆதலால், தூசியைக் கிளறும் வேலைக்கு முன்னரே உட்கொண்டால் பயன் மிகுதி.

இத்தகைய முதல் மருந்தைப் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே 1937இல் கண்டறிந்தார். 1957இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வழியில் வந்த டைஃபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் போன்றவை நோயைத் தணித்தன, உறக்கத்தையும் தந்தன. மூளையில் ஹிஸ்டமினுக்குரிய பணி வேறு. நம்மை விழிப்புடன் வைத்திருப்பது அதுவே. பழைய மருந்துகளின் மூலக்கூறுகள் கொழுப்பில் எளிதில் கரைபவை. எனவே மூளையைக் காக்கும் இரத்த நாளச் சுவரை ஊடுருவி, அங்குள்ள ஏற்பிகளையும் அடக்கிவிடுகின்றன. குளோர்பெனிரமின் உடலில் நெடுநேரம் தங்குவதால், இரவில் உட்கொண்டதன் மந்தம் மறுநாள் காலையிலும் தொடரக்கூடும்.

லொராடடின், செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் முதலிய புதிய மருந்துகள் அச்சுவரை எளிதில் கடப்பதில்லை. சிறிதளவு உட்புகுந்தாலும், சுவரிலுள்ள ஒருவகைப் புரதம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. மூக்கிலும் தோலிலும் மட்டும் அவற்றின் வேலை நடைபெறுகிறது. ஆயினும் 'உறக்கம் தராதவை' என்னும் பெயர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. செட்டிரிசின் சிலருக்கு உறக்கத்தைத் தருவதுண்டு; ஃபெக்ஸோஃபெனடின் மூளையை ஏறத்தாழத் தொடுவதே இல்லை.

அமெரிக்காவின் அயோவாவில் வண்டி ஓட்டுவதைப் போன்ற செயற்கைச் சூழலில் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. டைஃபென்ஹைட்ரமின் உட்கொண்டவர்கள், மது அருந்தியவர்களைக் காட்டிலும் மோசமாக ஓட்டினர். ஃபெக்ஸோஃபெனடின் உட்கொண்டவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைப் போலவே ஓட்டினர். அதைவிடக் கவலை தருவது, தமக்கு உறக்கம் வருகிறதா என்ற ஓட்டுநரின் சொந்த மதிப்பீட்டை நம்ப இயலவில்லை என்பதாகும். "எனக்கொன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் பளு தூக்கி இயக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதியது என்பதாலேயே தீங்கற்றது என்று கொள்ளவும் இடமில்லை. உறக்கம் தராத மருந்துகளில் முன்னோடியான டெர்ஃபெனடின் 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளுடன் சேர்ந்தபோது அது ஈரலில் மாற்றமடையாமல் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தது. 1998இல் அங்கு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஈரலில் அது மாறி உண்டாகும் பொருளே ஃபெக்ஸோஃபெனடின். அதுவே அதன் இடத்தைப் பிடித்தது.

கிடங்கில் வரும் தும்மல் எல்லாம் ஒவ்வாமையன்று. மிளகாயின் காரம் நரம்பு முனைகளை நேரடியாகத் தாக்குவது. அதற்கு இம்மாத்திரைகளால் பெரும் பயனில்லை, முகமூடியும் காற்றோட்டமுமே வேண்டும். மீனில் கதை வேறு. பனிக்கட்டியிடாமல் வைத்த சூரை, அயிலை மீன்களில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்குகின்றன. சமைத்தாலும் அது அழியாது. உண்டவர் முகம் சிவந்து உடல் அரிக்கும்போது அவருக்கு மீன் ஒவ்வாமை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது வெளியிலிருந்து வந்த ஹிஸ்டமின். இம்மருந்துகள் அதற்கும் பயன்படும். இறால் ஒவ்வாமையோ உண்மையானது. அதில் மூச்சுத் திணறலும் மயக்கமும் தோன்றினால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கலாகாது. அட்ரினலின் ஊசியும் மருத்துவமனையுமே உயிர் காப்பவை.

விலையைப் பொறுத்தவரை, செட்டிரிசின் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அதற்கு உச்ச விலை உண்டு. 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களிலும் வணிகப் பெயரில்லாத மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழைய மருந்துக்கும் புதியதற்கும் இடையே ஒரு காலத்தில் இருந்த பெரிய விலை இடைவெளி இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனினும் சளி, இருமலுக்கென விற்கப்படும் பல கூட்டு மருந்துகளில் குளோர்பெனிரமின் இன்னும் சேர்ந்தே வருகிறது. வாங்குபவர் அட்டையின் பின்புறச் சிற்றெழுத்தைப் படித்தாலன்றி அதை அறிய வழியில்லை.