எலிசபெத்துக் காலத்துக் கலப்பு இசைக்குழுவும் சுருதி கூட்டலும்

சுருதி மாதா, இலயம் பிதா என்பது நம்மவர் முதுமொழி. தனியொருவர் பாடுமிடத்து அம்மாதாவைப் பேணுதல் எளிது; அவர் குரலே அளவுகோல். ஆயின், செய்பொருளாலும் அமைப்பாலும் ஒலியாலும் ஒன்றையொன்று ஒவ்வாத ஆறு கருவிகள் ஒருங்கே இசைக்குமிடத்து, எதன் சுருதிக்கு எது இணங்குவது? பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாட்டு இசைவாணர் இவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பாவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிறியனவும் பெரியனவுமான கருவிகளைக் கூட்டி இசைத்தலே பெருவழக்கு. வெவ்வேறு குடும்பத்துக் கருவிகளைச் சேர்த்து இசைக்கும் கலப்புக் குழுவுக்கு நிலையான உருவம் தந்தவர் ஆங்கிலேயர். 1591ஆம் ஆண்டில் ஹேட்போட் பிரபு எலிசபெத்து அரசியாரை எல்வெதம் என்னுமிடத்தில் வரவேற்று விருந்தளித்தபோது, இத்தகைய குழுவொன்று தோமஸ் மோர்லியின் நடனப் பண்ணொன்றை வாசித்தது. அம்மோர்லியே 1599இல் இக்குழுவுக்குரிய பாடங்களை அச்சிட்டார். 1611இல் அந்நூல் மறுபதிப்புப் பெற்றது. இடையில் 1609இல் பிலிப் றொசெற்றரும் இவ்வகை நூலொன்றை வெளியிட்டார். இலண்டன் தேசிய உருவப்பட மன்றத்திலுள்ள சேர் ஹென்றி அன்ரனின் வாழ்க்கைச் சித்திரத்தில், மேசையைச் சூழ்ந்திருந்து வாசிக்கும் அறுவரை இன்றுங் காணலாம்.

மோர்லி குறித்த கருவிகள் ஆறு. அவற்றுள் லூற் என்பது பேரிக்காயைப் பிளந்தாற்போன்ற வயிறுடைய நரம்புக்கருவி, ஆட்டுக்குடல் நரம்பு பூண்டது, விரலால் மீட்டப்பெறுவது. உச்ச வயோலும் மந்தர வயோலும் வில்லால் இழைக்கப்பெறுவன. அவையும் குடல் நரம்பின. சிற்றேண் உலோகத் தந்தி பூண்டு, இறகுக்காம்பால் மீட்டப்பெறுவது. பண்டோறா, ஓரம் சிப்பிபோல் வளைந்து வளைந்து செல்லும் பெரிய தந்திக்கருவி. 1562இல் இலண்டன் நகரத்து ஜோன் ரோஸ் என்பார் இதனை ஆக்கினார் என அக்காலத்து வரலாற்றேடு கூறும். ஆறாவது, ஒரே மரத்துண்டிற் கடைந்த, ஆறு விரற்றுளைகளையுடைய புல்லாங்குழல்.

ஒவ்வொன்றிற்கும் தனித்தொழில் உண்டு. உச்ச வயோல் பண்ணைத் தாங்கும்; குழல் இடைக்குரலை நிரப்பும்; மந்தர வயோல் அடிநிலையாய் நிற்கும்; சிற்றேணும் பண்டோறாவும் சுரக்கூட்டங்களையுந் தாளத்தையும் வழங்கும். லூற்றோ, ஒரு பகுதி மீண்டும் வருமிடத்து, அதனை விரைந்த சுரங்களாற் பின்னி அழகு செய்யும்.

இனிச் சுருதியைப் பார்ப்போம். இக்காலத்திற் செக்கனுக்கு 440 அதிர்வுகள் என்னும் அளவு அனைத்துலக வழக்காயிற்று. 1939இல் இலண்டனிற் கூடிய மாநாடே அதற்கு வழிகோலியது. மோர்லியின் காலத்தில் அத்தகைய பொது அளவு இருந்ததில்லை. அக்காலத்து இத்தாலியக் கருவிகளுள் எஞ்சியவற்றை அளந்தோர், அதே சுரம் சில குழல்களில் ஏறக்குறைய 405 ஆகவும், ஊதுகொம்புகளில் ஏறக்குறைய 465 ஆகவும் ஒலிக்கக் கண்டனர். லூற் பயில்வோர்க்கு ஆசிரியர் கூறிய விதியோ மிக எளியது: முதல் நரம்பை அறாத எல்லைவரை ஏற்றுக, பிறவற்றை அதற்கேற்பக் கூட்டுக.

இவ்விதி நகைப்புக்கிடமானதன்று, பௌதிக உண்மையொன்று அதனுள் அடங்கியுள்ளது. நரம்பு எந்தச் சுருதியில் அறும் என்பது அதன் தடிப்பைப் பொறுத்ததன்று. தடித்த நரம்பு மிகுந்த இழுவையைத் தாங்கும். ஆனால் அதே சுருதியை எட்டுதற்கு அதற்கு அவ்வளவு மிகுந்த இழுவை வேண்டும். ஆகவே ஒன்றையொன்று ஈடுசெய்ய, நீளமும் செய்பொருளுமே எல்லையை வகுக்கின்றன. 60 சதமமீற்றர் நீளமுள்ள குடல் நரம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 400 அதிர்வுகளுக்குமேல் நெடுநேரம் தாங்குவது அரிது. நீளத்தை 45 சதமமீற்றராகக் குறைத்தால் அவ்வெல்லை 533 அளவுக்கு உயரும். இவ்விரண்டுக்குமுள்ள விகிதம் நாலுக்கு மூன்று. அஃதாவது ஷட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்குமுள்ள இடைவெளி. கருவியின் பருமனே சுருதியைத் தீர்மானிக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

மோர்லி தம் நூலில் உச்ச லூற் என்றே குறித்தார். அது சாதாரண லூற்றோ, சிறிய லூற்றோ என்பது அறிஞரிடையே எழுந்த வினா. ஆங்கில நாட்டில் அந்நாளில் ஒரு மத்திம அளவு வேறுபட்ட இரு சுருதி வழக்குகள் இருந்தன என்றும், கலப்புக் குழு உயர்சுருதியில் சிறிய கருவிகளைக் கொண்டு வாசித்தது என்றும் இயன் ஹாவுட் 1981இல் எழுதினார். அதனை ஏற்றோரும் உளர், மறுத்தோரும் உளர். எக்கொள்கையைத் தழுவினும் குழுவின் ஒலியே மாறிவிடும். சிறிய லூற் தெளிந்து ஒலிக்கும், பெரிய லூற் தந்திக்கருவிகளின் ஒலியில் அமிழ்ந்து போகும்.

சுருதி ஒத்தபின்னும் இடர் தீரவில்லை. ஷட்ஜ பஞ்சம விகிதம் இரண்டுக்கு மூன்று. நான்கு பஞ்சமங்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கினால் வரும் காந்தாரம் 81 பங்காயின், காதுக்கு இனிய தூய அந்தர காந்தாரம் 80 பங்கேயாகும். இரண்டையும் ஒருங்கே தூயனவாய்ப் பெறுதல் இயலாது. ஆகலின், ஒவ்வொரு பஞ்சமத்தையும் சிறிது குறைத்துக் காந்தாரத்தைக் காப்பது அக்காலத்து வழக்கம். லூற் வாசிப்போருட் பலர், மெட்டுக்களைச் சமமாய்ப் பகுத்தலையே விரும்பினர். வானநூலறிஞர் கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலேயி, 1581இல், ஒவ்வொரு மெட்டையும் பதினெட்டுக்குப் பதினேழு என்னும் விகிதத்தில் அமைக்குமாறு எழுதினார். அவ்விகிதத்தைப் பன்னிரு முறை பெருக்கினால் 1.986 வரும், மேற்ஸ்தாயிக்கு வேண்டிய இரண்டுக்கு மிக அணித்து.

இவ்விடத்திலேதான் கருவிகளின் இயல்பு வெளிப்படுகின்றது. சிற்றேணிலும் பண்டோறாவிலும் மெட்டுக்கள் உலோகத்தாலானவை, மரத்திற் பதிக்கப்பட்டவை, அசையா. குழலின் துளைகளும் அசையா. லூற்றிலும் இரு வயோல்களிலும் மெட்டுக்கள் கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்புகளே; விரலால் நகர்த்தலாம். ஆறனுள் மூன்று வளையா, மூன்று வளையும். அன்றியும், வெப்பம் ஏறக் குழலின் சுருதி ஏறும், உலோகத் தந்தியின் சுருதி இறங்கும். குடல் நரம்போ காற்றின் ஈரத்துக்கேற்ப நிலைமாறும். எனவே குழலை முதலாகக் கொண்டு, தந்திக்கருவிகளின் பிருடைகளை அதற்கேற்பத் திருகி, பின்னர் குடல் நரம்பினர் தம் நரம்பையும் மெட்டையும் சரிசெய்தலே இயல்பான முறையாகும். வளையக்கூடியவர் வளைந்து கொடுத்தமையாலே குழு ஒலித்தது.

மோர்லி அச்சிட்டவற்றுள் லூற்றுக்குரிய ஏடு இன்று இல்லை. ஒக்ஸ்போட்டிலும் பின்னர் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்திலும் பாடகராயிருந்த மத்தியூ ஹோம்ஸ் என்பார் தம் கைப்பட எழுதிவைத்த ஏடுகள் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றின் துணைகொண்டு குறைகளை நிரப்பி, சிட்னி பெக் 1959இல் மோர்லியின் நூலை மீளப் பதிப்பித்தார். அறுவர் சேர்ந்து இசைக்க எழுதியதில் ஒருவர் பங்கு மறைந்தாலும் முழுமை குன்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆறு கருவிகளும் தத்தம் குரலை இழந்தில. ஒன்று மற்றொன்றாக மாற முயன்றதுமில்லை. எவை அசையா, எவை அசையும் என்பதை அறிந்து, அசையக்கூடியவை முன்வந்து அசைந்தன. வெவ்வேறு துறைகளிற் சென்று, ஆண்டுகள் பல கழிந்து, ஒரு விழாவின் பொருட்டு ஒரே மண்டபத்திற் கூடும் பழைய மாணவராகிய நமக்கும் இவ்வரலாறு பொருந்துவதேயாம்.