நுரையீரலைச் சுற்றி நீர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் வாப்பாவின் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது, ஊசியால் எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சம்மதம் கேட்டால் உங்கள் கை நடுங்கலாம். "தண்ணீர் எடுத்தால் ஆள் மௌத்து" என்று சொல்ல வெளி வாங்கில் ஒருவர் இருக்கவே செய்வார்.

நுரையீரலின் மேலும் விலாச் சுவரின் உள்ளேயும் மெல்லிய சவ்வுகள் உண்டு. அவை உராயாதிருக்க அல்லாஹ் இடையில் சில தேக்கரண்டி நீரையே வைத்திருக்கிறான். இதயம் தளர்ந்தாலோ, இரத்தத்தில் புரதம் குறைந்தாலோ, நிமோனியாவோ காசநோயோ பிடித்தாலோ அது பெருகி, சிலருக்கு லீற்றர் கணக்கில் சேர்ந்து நுரையீரலை நெருக்கும். இப்னு ஸீனா 'அல் கானூன்' நூலில் விவரிக்கும் 'தாதுல் ஜன்ப்' இச்சவ்வின் அழற்சிதான்.

படுத்திருப்பவரின் எக்ஸ்ரேயில் நீர் முதுகுப்புறம் பரவி வெறும் மங்கலாகவே தெரியும். எனவே கட்டிலருகிலேயே ஸ்கேன் பார்க்கிறார்கள். ஊசி ஏற்றும் இடத்தையும் அதுவே காட்டுவதால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

எல்லா நீரையும் எடுப்பதில்லை. இதயத் தளர்ச்சியால் வந்தது பெரும்பாலும் சிறுநீர் போக்கும் மருந்திலேயே வற்றும். வைத்தியர் பொறுத்திருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். சீழ் என்றால் தாமதம் கூடாது. குழாய் போட்டே ஆகவேண்டும். எடுத்த நீரின் புரதத்தை இரத்தத்தின் புரதத்தோடு ஒப்பிட்டுக் காரணத்தைப் பிரித்தறியும் அளவுகோலை 1972இல் றிச்சட் லைட் என்ற வைத்தியரும் சகாக்களும் வெளியிட்டார்கள். ஒரே தடவையில் ஒன்றரை லீற்றருக்கு மேல் பொதுவாக எடுப்பதில்லை. நெருக்குண்ட நுரையீரல் திடீரென விரிந்தால் அதுவே வீங்கக்கூடும்.

வாப்பா இரத்தம் உறையாதிருக்க மாத்திரை பாவித்தவரென்றால், கையெழுத்திடுமுன் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.