நூற்றொரு வயதிலும் தெளிந்த நினைவு: ஓர் ஆசிரியை விட்டுச்சென்ற பாடம்

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதையும், பெற்ற மகனைப் பார்த்து "நீ யாருப்பா?" என்று கேட்பதையும் ஒரே மறதியாக எண்ணிவிடுகிறோம். முதலாவது முதுமையில் பலருக்கும் இருப்பது. இரண்டாவது நோயின் அறிகுறி.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், எங்க ஆயாவுக்கு எல்லாமே மறந்துபோச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தா அவங்களவிடப் பெரியவரு. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கே, எப்படி?" இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் தேடிய விடைகள், ஆசிரியர்களாகிய நம் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையவை.

மறதி நோய் என்பது என்ன?

நினைவாற்றல், பேச்சு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலைகளையே செய்ய முடியாத நிலையை மறதி நோய் (டிமென்ஷியா) என்கிறோம். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதை முதன்முதலில் விளக்கினார். இந்நோயில் நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிவுகளாகச் சேர்கிறது. செல்களுக்கு உள்ளே டௌ என்ற புரதம் நூல் சிக்கல்போல முறுக்கிக்கொள்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100 பேருக்கு ஏழு பேருக்குமேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

அருட்சகோதரிகள் ஆய்வு

1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் ஒரு புதுமையான ஆய்வைத் தொடங்கினார். நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த, 75 வயதைக் கடந்த 678 கத்தோலிக்க அருட்சகோதரிகள் அதில் சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியைகள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைகளுக்கு உட்படவும், இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தரவும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். உணவு, உறைவிடம், மருத்துவ வசதி, பழக்கவழக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இவர்களிடையே, சிலருக்கு மட்டும் நோய் வருவது ஏன் என்று ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு கிடைத்தது.

அவர்களுள் ஒருவர் அருட்சகோதரி மேரி. எட்டாம் வகுப்புப் படிப்போடு 19 வயதில் கற்பிக்கத் தொடங்கியவர். கோடை விடுமுறைகளில் மட்டுமே படித்து, 22 ஆண்டுகள் முயன்று, தம் 41ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 77 வயதுவரை முழுநேரமும், 84 வயதுவரை பகுதிநேரமும் பாடம் நடத்தினார். 101 வயதில் இறக்கும்வரை நினைவாற்றல் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தார்.

அவருடைய மூளையைச் சோதித்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. அல்சைமர் நோயின் படிவுகளும் சிக்கல்களும் அதில் ஏராளமாக இருந்தன. மூளையில் நோய் இருந்தது. வாழ்க்கையில் அதன் அடையாளம் தெரியவில்லை. நேர்மாறாக, மூளையில் குறைந்த மாற்றங்களே இருந்தும் கடும் மறதிக்கு ஆளானவர்களும் அதே ஆய்வில் இருந்தனர். ஆக, மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாதிப்பை மூளை எவ்வளவு தாங்குகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தாங்கும் திறன் எங்கிருந்து வருகிறது?

இந்தத் திறனை அறிவாற்றல் சேமிப்பு என்று அழைக்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாகோவ் ஸ்டெர்ன் இதை விரிவாக ஆராய்ந்தவர். வகுப்பில் நான் இதை இப்படி விளக்குவேன்: ஊருக்குப் போக ஒரே சாலை இருந்து, அது வெள்ளத்தில் உடைந்தால் ஊர் துண்டிக்கப்படும். நான்கு வழிகள் இருந்தால் சுற்றியாவது போய்ச் சேரலாம். படிப்பதும், எழுதுவதும், புதிய வேலை பழகுவதும், பிறரோடு பேசிப் பழகுவதும் நரம்பு செல்களுக்கிடையே இணைப்புகளைக் கூட்டி, மாற்று வழிகளைத் தருகின்றன.

ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 மறதி நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் வெளியானது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேற்பட்ட மொழிகளோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு வகுப்பில் தமிழில் தடுமாறும் பிள்ளையை நாம் குறையுள்ளவராகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு மொழிகள் அவருக்குச் சொத்து.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். படித்தவர்களுக்கு மறதி நோய் வராது என்பதில்லை. பேராசிரியர்களுக்கும் வருகிறது. சேமிப்பு அதிகம் உள்ளவர்களிடம் அறிகுறி தாமதமாகத் தெரிவதால், தெரியும்போது நோய் முற்றியிருக்கவும் கூடும். எனவே நோய் வந்தவரைப் பார்த்து "மூளைக்கு வேலை கொடுக்கல, அதான்" என்று குறை சொல்வது சரியன்று.

தடுக்க முடிந்தவை

மறதி நோய் குறித்த லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. இவை அனைத்தையும் களைந்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. அவை:

இளமையில்: போதிய கல்வி இன்மை.

நடுவயதில்: செவித்திறன் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பு இன்மை, நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், அளவுமீறிய மது.

முதுமையில்: தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு.

ரத்த அழுத்தம் இதில் ஏன் வருகிறது? அருட்சகோதரிகள் ஆய்வு இதற்கும் ஒரு விடை தந்தது. அல்சைமர் மாற்றங்களோடு, ரத்தக்குழாய் அடைப்பால் ஏற்படும் சிறு பக்கவாதங்களும் மூளையில் சேர்ந்திருந்தவர்களிடம் மறதி நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது இதயத்தோடு மூளையையும் காக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையை "தலை சுத்தல் இல்லையே" என்று நிறுத்திவிடும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். காது சரியாகக் கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கினால் மூளைக்கு வேலை குறைகிறது. காதுகேட்புக் கருவி அணிவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

நாம் செய்யக்கூடியவை

பட்டியலில் இளமைக்கு உரிய ஒரே காரணி கல்வி. அது நம் கையில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட இருந்த ஒரு பெண் குழந்தையைப் பேசி அழைத்துவந்து பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்தால், அதன் பயன் அவளுடைய வேலைவாய்ப்போடு முடிவதில்லை.

அருட்சகோதரிகள் தங்கள் இளவயதில் எழுதிவைத்த தன்வரலாறுகளையும் ஆய்வாளர்கள் படித்தனர். கருத்துச் செறிவோடு எழுதியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் குறைவாகவே வந்திருந்தது. எழுத்துதான் அவர்களைக் காத்தது என்று இதை வைத்து முடிவு கட்ட இயலாது. இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்றே சொல்லலாம். ஆனாலும், கையேட்டைப் பார்த்து எழுதுவதோடு நிறுத்தாமல், வாரம் ஒரு பத்தியாவது மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதச் செய்வது நல்ல பழக்கம். "தாத்தா பாட்டியிடம் அவர்களுடைய பள்ளி நாள்களைக் கேட்டு எழுதி வா" என்று நான் வீட்டுப்பாடம் தருவதுண்டு. பேத்தி எழுதிப் பழகுகிறாள். பாட்டிக்கும் பேச ஆள் கிடைக்கிறது.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையங்களுக்கு வரும் பெரியவர்கள் "இந்த வயசுல படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். அருட்சகோதரி மேரி 41 வயதில் சான்றிதழ் வாங்கியதை அவர்களுக்குச் சொல்லலாம்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் குழம்புவது, குணம் மாறுவது ஆகியவை வீட்டுப் பெரியவரிடம் தெரிந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட்டால் குணமாகக்கூடியதையும் இழப்போம்.

ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கும் இது பொருந்தும். மாலை நடையும், நூலகமும், நாலு பேரோடு பேச்சும், புதிதாகக் கற்க ஏதாவது ஒன்றும் ஓய்வுக்குப் பின்னரும் தொடர வேண்டும். இடைநின்ற ஒரு பிள்ளையின் வீட்டுக்கு இன்று நாம் நடக்கும் நடை, அந்தப் பிள்ளையின் எண்பதாவது வயதுக்கும் சேர்த்துத்தான்.