கணனி உதவியாளனிடம் கணக்காய்ப் பேசுவோம்

"நானா, இந்தப் புள்ள மாசம் முடிய முந்தி ரெண்டாந்தரமும் காசி கட்டணும் என்றா. சீட்டுக் காச எடுக்கட்டுமா என்று கேக்கிறா. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

தங்கை தொலைபேசியில் இப்படிச் சொன்னதும் போய்ப் பார்த்தேன். மருமகள் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிக் கொடுப்பவள். புடவைக் கடையொன்றுக்குப் பில் போடும் மென்பொருளை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் மீதிப் பணம் கைக்கு வரும். அவளுக்குத் துணையாக இருந்தது செயற்கை நுண்ணறிவு உதவியாளன். அது வியாழன் பின்னேரம், "உங்களுக்குரிய அளவு முடிந்துவிட்டது" என்று அறிவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. தொடர வேண்டுமானால் இன்னும் டொலர் கட்ட வேண்டும்.

இத்தகைய உதவியாளர்களின் ஆரம்பக் கட்டணம் பெரும்பாலும் மாதம் 20 டொலர். 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் இறங்கியதாயினும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. எனவே 20 டொலர் என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் மரக்கறிச் செலவு. அதை மாதத்தில் இரு முறை கட்டுவதென்றால் தங்கை பதறியதில் வியப்பில்லை.

எங்கே போனது அந்த அளவு? இக்கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால் முதலில் டோக்கன் என்றால் என்னவென்று விளங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் நம்பர் துண்டு அல்ல இது. நாம் எழுதுவதை உதவியாளன் சிறு சிறு துண்டுகளாக உடைத்தே வாசிக்கிறது. அந்தத் துண்டுதான் டோக்கன். ஆங்கிலத்தில் 100 டோக்கன் ஏறத்தாழ 75 சொற்களுக்குச் சமம். வாசிக்கும் டோக்கனுக்கு ஒரு விலை, அது எழுதித் தரும் டோக்கனுக்கு அதைவிடக் கூடிய விலை. 2025 இல் வெளியான கிளோட் சொனெட் 4.5 இன் விலைப்பட்டியலைப் பார்த்தால், பத்து இலட்சம் டோக்கனை வாசிக்க 3 டொலர், எழுத 15 டொலர். மாதக் கட்டணம் கட்டுபவருக்கு இந்த விலை கண்ணில் படாது. ஆனால் அளவு தீர்வதற்குப் பின்னால் இருப்பது இதே கணக்குத்தான்.

சகோதரிகளே, ஒரு கடைப் பையனைக் கற்பனை செய்து பாருங்கள். கெட்டிக்காரன்தான், ஆனால் ஞாபகம் அறவே கிடையாது. காலையில் சீனி வாங்கி வரச் சொன்னீர்கள். பிறகு தேயிலை தேவைப்பட்டது. அவனுக்குச் சீனி வாங்கியதும் நினைவில்லை, நீங்கள் யாரென்பதும் நினைவில்லை. ஆகவே காலையிலிருந்து நடந்த அனைத்தையும் வாசித்துக் காட்டிய பிறகே தேயிலை என்று சொல்ல முடியும். மாலையில் உப்பு வேண்டுமென்றால் சீனிக் கதை, தேயிலைக் கதை எல்லாம் மறுபடியும்.

கணனி உதவியாளனும் இப்படித்தான். நாம் ஒரு வரி எழுதினாலும், அந்த உரையாடலில் அதுவரை பேசிய அனைத்தும், அது திறந்து பார்த்த கோப்புகளும் சேர்ந்தே மறுபடி அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 1,000 டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். இருபது கேள்விக்கு 20,000 என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் முதலாவதில் 1,000, இரண்டாவதில் 2,000, மூன்றாவதில் 3,000 என்று கூட்டிப் பாருங்கள், 210,000 வரும். அதே இருபது கேள்விகளை ஐந்தைந்தாகப் பிரித்து நான்கு புதிய உரையாடல்களில் கேட்டிருந்தால் 60,000 தான்.

மருமகள் ஒரே உரையாடலை ஒன்பது நாள் ஓட்டியிருந்தாள். பில் வேலை, நிறம் மாற்றும் வேலை, கடவுச்சொல் வேலை யாவும் அதிலேயே. கடைசியில் பில்லின் மொத்தத் தொகை பிழைத்தபோது, "எல்லாவற்றையும் பார்த்துப் பிழையைக் கண்டுபிடி" என்று எழுதினாள். அதுவும் சொன்னபடியே எல்லாக் கோப்புகளையும் திறந்து வாசித்தது. பிடித்த பிழை தவறு. "இல்லை, அதுவல்ல" என்றாள். மறுபடியும் வாசித்தது. இப்படி ஏழு தடவை. தவறான ஏழு பதில்களும் உரையாடலில் தங்கிவிட்டன, எட்டாவதுக்கு அவையும் சுமை.

பாடம் விளங்கவில்லை என்று பொதுவாகச் சொல்லும் மாணவனுக்கு முழுப் பாடத்தையும் திரும்ப நடத்த வேண்டியிருக்கும். இந்த வரியில் இந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டுபவனுக்கு இரண்டு நிமிடம் போதும். இருபது வருடமாக நான் கண்டது இது. இன்ன கோப்பில், இன்ன இடத்தில், இவ்வளவு வர வேண்டியது அவ்வளவு வருகிறது என்று காட்டிக் கொடுத்தால் உதவியாளன் வீடு முழுக்கத் தேடி அலையாது. தவறான வழியில் போய்விட்டால் அதே இடத்தில் நின்று வாதாடுவதைவிட, புதிய உரையாடலைத் திறந்து கேள்வியைத் திருத்திக் கேட்பது மலிவு.

இதற்கு வசதிகளும் உண்டு. கிளோட் கோட் என்னும் உதவியாளனில் "கிளியர்" என்ற கட்டளை பழைய பேச்சை முற்றாகத் துடைத்துவிடும். "கொம்பெக்ட்" என்பது அதைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். எப்போதும் நினைவில் இருக்க வேண்டிய விதிகளைத் தனியொரு கோப்பில் எழுதி வைக்கலாம். ஆயினும் அக்கோப்பு ஒவ்வொரு உரையாடலிலும் ஏறுவதால் அதையும் கட்டுரையாக்கிவிடக் கூடாது. சில்லறை வேலைக்கு விலை குறைந்த சிறிய மாதிரியே போதும்.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திரும்ப அனுப்பும் பகுதியைச் சேமித்து வைத்து மலிவாக வாசிக்கும் முறையும் இருக்கிறது. நான் சொன்ன அதே பட்டியலில் அப்படி வாசிப்பதற்கு விலை பத்திலொன்று. ஆனால் சாதாரணச் சேமிப்பின் ஆயுள் ஐந்தே நிமிடம். கூடுதல் விலை கொடுத்தால் ஒரு மணித்தியாலம். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண் அடுப்பைப் பார்க்க எழும்புவாள், பிள்ளை அழுதால் எழும்புவாள். திரும்பி வரும்போது அந்த மலிவு போயிருக்கும். எனவே எழும்புமுன் கையிலுள்ள துண்டு வேலையை முடித்து, எதுவரை வந்தோம் என்பதை நாலு வரியில் எழுதி வைத்துவிட்டு, பிறகு புதிதாகத் தொடங்குவதே மேல்.

மருமகள் சிக்கனம் என்று நினைத்துச் செய்திருந்த காரியம் வேறு. "தயவுசெய்து" என்ற சொல்லை விட்டுவிட்டாளாம்! அதில் மிஞ்சுவது சில டோக்கன்தான். ஆனால் வேலை முடிந்த பிறகு "நன்றி" என்று தனியாக அனுப்பியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது நாள் பேச்சும் மீண்டும் ஒருமுறை போய் வந்திருக்கிறது.

"தமிழில எழுதினா கூடச் செலவாகுமா மாமா?" என்று கேட்டாள். ஆகும். ஆங்கிலத்தை மையமாக வைத்துச் செய்யப்பட்ட துண்டாக்கும் முறையில் நம் எழுத்துக்கள் நொறுங்கிப் போகின்றன. 2024 மே மாதத்தில் ஜீபிடி 4ஓ வெளியானபோது ஓப்பன் ஏஐ நிறுவனம் ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், அரபியில் 53, தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலம் 24, அரபி 26, தமிழ் 35. முன்னேற்றந்தான், சமன் இல்லை. எனினும் இதற்காகத் தெரியாத ஆங்கிலத்தில் தடுமாற வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். உரையாடலில் பெரும்பகுதி செய்நிரலும் கோப்புகளுமே. நம் கேள்வி சில வரிகள்தான். தெளிவான தமிழ்க் கேள்வியொன்றுக்குச் சில டோக்கன் கூடப் போகலாம். குழம்பிய ஆங்கிலக் கேள்வியால் ஏழு தவறான பதில்கள் வந்தால் போவது பல்லாயிரம்.

அன்றிரவு சீட்டுக் காசை எடுக்க விடவில்லை. உதவியாளன் இல்லாமல், பில் கணக்கிடும் கோப்பை மட்டும் திறந்து வரிவரியாக எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். எனக்குச் செய்நிரல் தெரியாது, அவளுக்குத் தெரியும். முப்பதாவது வரியளவில் தானே நிறுத்தினாள். கழிவை ஒரு தடவை கழித்துவிட்டு, கீழே மறுபடியும் கழித்திருந்தாள்.

இப்போது அவள் கணனியைத் திறக்கு முன் ஒரு பழைய கொப்பியில் எழுதுகிறாள்: எந்தக் கோப்பு, என்ன வேண்டும், எதைத் தொடக் கூடாது. தங்கை அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நான் கடைக்குக் குடுத்தனுப்புற சாமான் துண்டு மாதிரியெல்லவா இருக்கு" என்றாள்.