திண்ணையில் நின்றால் போதுமா?

மதுரை கே.கே. நகர், வீடுகள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். வீட்டு முகப்பில் நிற்கிறார். கதவு திறக்கிறது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பிவிடுகிறார்.

அவர் விருந்துக்குப் போய் வந்ததாகச் சொல்ல முடியுமா?

ஆண்டவரைத் தேடுகிறவர்களுக்கும் இதே கதி வரக்கூடாது என்று கவலைப்பட்டார், ஓர் ஆங்கிலப் பாதிரியார். மனம் திருந்துவது சமயத்தின் திண்ணை; விசுவாசம் அதன் வாசல்; பரிசுத்தமாக வாழ்வதுதான் வீடு என்று 1746-ம் ஆண்டு விளக்கினார்.

அவர்தான் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் சபை அவர் வழியில் பிறந்தது. அவர் சொன்ன அந்த "வீட்டு"க்குக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர்: பரிசுத்தமாக்கப்படுதல்.

குளிரில் நின்ற பெண்

வெஸ்லி 1703-ம் ஆண்டு பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில், அறைச் சுவருக்குச் சில படங்கள் வாங்கினார்.

அப்போது வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கடுங்குளிர்! அவள் உடம்பிலோ மெல்லிய துணி. உதவலாம் என்று பையில் கைவிட்டார். காசு மிகக் குறைவு. சுவரில் தொங்கிய படங்கள் அவர் மனத்தைக் குத்தின.

ஆண்டுக்கு 30 பவுன் வருமானம் வந்தபோது, 28 பவுனில் வாழ்ந்தார். மீதியைத் தானம் செய்தார். வருமானம் 60, 90, 120 பவுன் என்று ஏறியது. அவர் செலவு மட்டும் 28 பவுனைத் தாண்டவில்லை!

ஆனாலும் மனத்தில் நிம்மதி இல்லை. 1738-ம் ஆண்டு மே 24 அன்று இரவு, லண்டனில் ஒரு கூட்டத்துக்குப் போனார். தம் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற உறுதி அங்கேதான் பிறந்தது.

வாசல் திறந்துவிட்டது. பிறகு?

உப்பும் அன்பும்

"பாவத்தின் வேர் சாகும்வரை மனிதனை விடாது" என்றனர் பலர். "இல்லை. கடவுளின் கிருபையால், இந்தப் பிறவியிலேயே உள்ளம் முழுவதும் அன்பால் நிறையலாம்" என்றார் வெஸ்லி.

அப்படியானால் அந்த மனிதர் தவறே செய்ய மாட்டாரா? செய்வார். மறதி வரும். நோய் வரும். சோதனையும் வரும்.

பிள்ளைக்குச் சமைக்கும் தாய், அவசரத்தில் உப்பைக் கூடப் போட்டுவிடலாம். குழம்பு கெட்டது. அன்பு கெடவில்லை! வெஸ்லி சொன்ன "பூரண அன்பு" இதுதான். அந்த நிலையிலிருந்து வழுக்கி விழவும் கூடும் என்று எச்சரித்தார்.

உலகம் அழியவில்லை

எச்சரிக்கை வீண் போகவில்லை. "நாங்கள் பூரணர் ஆகிவிட்டோம்" என்று லண்டனில் சிலர் கிளம்பினர். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் பெல். 1763-ம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று உலகம் அழியும் என்று நாள் குறித்தார். ஊரே நடுங்கியது.

அன்று மாலை அந்தப் பேச்சைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார் வெஸ்லி. பிறகு வழக்கம்போல் படுத்து, பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிட்டார்! மறுநாள் பொழுது விடிந்தது.

வெஸ்லியோ, தாம் பூரணர் ஆகிவிட்டதாகப் பறைசாற்றியதே இல்லை.

வாரம் ஒரு பென்னி

1742-ம் ஆண்டு. பிரிஸ்டல் நகர ஜெபக்கூடத்துக்குக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வீடு வீடாகப் போய் வசூலித்தார்.

போன இடத்தில் என்ன கண்டார்? ஜெபக்கூடத்தில் சாதுவாக இருந்த சிலர், வீட்டில் வேறு ஆளாக இருந்தனர்!

கடன் வசூல், உள்ளத்தைச் சோதிக்கும் வாரக் கூட்டமாக மாறியது. குறைகளை மறைக்காமல் பேசினர், ஒருவரையொருவர் தாங்கினர். தனியாக இருந்து யாரும் பரிசுத்தர் ஆக முடியாது என்பது வெஸ்லியின் கொள்கை.

தமிழ் மண்ணில்

1814-ம் ஆண்டு மெதடிஸ்ட் ஊழியர்கள் இலங்கையில் இறங்கினர். யாழ்ப்பாணத்தில் தமிழர் நடுவே பணி தொடங்கியது. அங்கிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார்.

மதுரைக்கு 1834-ல் வந்தது வேறொரு சபை, அமெரிக்க மிஷன். இரண்டு ஆறுகளும் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று கலந்தன. அன்று சென்னையில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையில், ஆங்கில வழி மெதடிஸ்டுகளும் சேர்ந்தனர். மதுரை-ராமநாதபுரத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின். அமெரிக்க வழி மெதடிஸ்டுகள் மட்டும் தனிச் சபையாகவே தொடர்கின்றனர்.

கடைசிக் கடிதம்

1791-ம் ஆண்டு பிப்ரவரி 24. வெஸ்லிக்கு வயது 87. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடுமாறு வில்பர்போர்சுக்கு ஊக்கக் கடிதம் எழுதினார். ஆறாம் நாள், மார்ச் 2 அன்று, கண்களை மூடினார்.

குளிரில் நின்ற ஒரு பெண்ணைக் கண்டு கலங்கிய மனம், கடல் கடந்து விற்கப்பட்ட மனிதர்களுக்காகவும் கலங்கியது!

ஞாயிறு ஆராதனை முடிகிறது. கே.கே. நகர் வீடுகளுக்கு மக்கள் திரும்புகிறார்கள். அடுப்படியில் என்ன பேச்சு? வேலைக்கு வரும் பெண்ணுக்கு என்ன மரியாதை?

வெஸ்லி கேட்ட பரிசுத்தத்துக்கு அங்கேதான் பரீட்சை.