மரபணு மாற்ற எண்ணெய்வித்துப் பயிர்களின் பாதுகாப்பு மதிப்பீடு

மரபணு மாற்ற எண்ணெய்வித்துப் பயிர்களின் பாதுகாப்பு மதிப்பீடு என்பது, வேற்று உயிரினத்தின் மரபணு புகுத்தப்பட்ட கடுகு, சோயா அவரை, பருத்தி முதலிய பயிர்கள் மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குத் தீங்கு விளைவிக்குமா என்பதை வணிகப் பயிரிடலுக்கு முன் ஆராயும் முறையாகும். இந்தியாவில் இது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1989 விதிகளின்படி நடைபெறுகிறது. மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு இதற்குப் பொறுப்பான உயர்மட்டக் குழுவாகும்.

எண்ணெயும் பிண்ணாக்கும்

புகுத்தப்பட்ட மரபணு ஒரு புதிய புரதத்தை உருவாக்குகிறது. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் புரதம் ஏறத்தாழ இருப்பதில்லை. அது பிண்ணாக்கிலேயே தங்குகிறது. ஆகவே எண்ணெயை மட்டும் சோதித்தல் போதாது. பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாகிறது. கடுகு தாளிக்கவும், அதன் இலை வட இந்தியாவில் கீரையாகவும் பயன்படுகின்றன.

சோதனைகள்

* உட்கூறு ஒப்பீடு: கொழுப்பு அமிலங்கள், புரதம், இயற்கை நச்சுகள் ஆகியவை வழமையான இரகத்துடன் ஒப்பிடப்படுகின்றன. கடுகில் எருசிக் அமிலமும் குளுக்கோசினோலேட்டுகளும் முக்கியமானவை.
* நச்சுத்தன்மை: எலிகளுக்கு 90 நாட்கள் வரை உணவாகக் கொடுத்து உடல்நிலை ஆராயப்படுகிறது.
* ஒவ்வாமை: புதிய புரதத்தின் அமைப்பு, அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களுடன் ஒப்பிடப்படுகிறது, செயற்கை இரைப்பை நீரில் அது செரிக்கிறதா என்றும் பார்க்கப்படுகிறது.
* சுற்றுச்சூழல்: மகரந்தப் பரவல், தேனீக்கள், மண் நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் மீதான விளைவு அறியப்படுகிறது.

ஒவ்வாமைச் சோதனையின் பயனுக்குச் சோயா அவரை நல்ல சான்றாகும். அதன் ஊட்டத்தை உயர்த்தப் பிரேசில் கொட்டையின் மரபணு புகுத்தப்பட்டது. அக்கொட்டைக்கு ஒவ்வாமை உடையோருக்கு அச்சோயாவும் ஒவ்வாது என 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்பயிர் சந்தைக்கு வரவில்லை.

இந்தியக் கடுகு

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டால் குழுவினர் டி.எம்.எச்-11 என்னும் கலப்பினக் கடுகை உருவாக்கினர். மண் பாக்டீரியாவின் பார்னேசு மரபணு ஒரு பெற்றோரில் மகரந்தத்தை மலடாக்குகிறது. மற்றொரு பெற்றோரின் பார்சுடார் மரபணு கலப்பினத்தில் வளத்தை மீட்கிறது. உடனுள்ள பார் மரபணு குளூஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் திறனைத் தருகிறது. இக்களைக்கொல்லியை உழவர்கள் வயலில் பயன்படுத்தக்கூடும் என்பதும், உறவுப் பயிர்களுக்கு மரபணு பரவக்கூடும் என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதங்களாகும். எண்ணெய் இறக்குமதி குறையும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

2022 அக்டோபரில் சுற்றுச்சூழலில் வெளியிட ஒப்புதல் வழங்கப்பட்டது. 2024 சூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இவ்வொப்புதல் குறித்து மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். எனினும் தேசியக் கொள்கை ஒன்று தேவை என்பதில் இருவரும் உடன்பட்டனர்.

தமிழ்நாடு

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு வெளியிடப்பட்ட வி.ஆர்.ஐ. நிலக்கடலை இரகங்கள் மரபுவழிப் பயிர்ப்பெருக்கத்தில் உருவானவை. அவற்றுக்கு இம்மதிப்பீடு தேவையில்லை. நிலக்கடலையில் மரபணு மாற்றம் செய்யப்பட்டால் ஆய்வின் அழுத்தம் மாறும். அது பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதாலும், அதன் காட்டு உறவினங்கள் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை என்பதாலும் மரபணுப் பரவல் வாய்ப்பு குறைவு. ஆனால் நிலக்கடலையே ஒவ்வாமை தரும் உணவாதலால் அச்சோதனை கூடுதல் கவனம் பெற வேண்டும். ஒவ்வொரு பயிரும் தனித்தனியே மதிப்பிடப்படுவதன் காரணம் இதுவே.